நேர்காணலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவே: ஒரு அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தின் கடைசி மாதங்கள்

டெக்சஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குடியுரிமைப் படிவங்களை நிரப்பக் கூட உட்கார்ந்து உதவுவது என் வழக்கம். நான் வழக்கறிஞர் இல்லை. சிக்கல் என்று தெரிந்தால் வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுவேன். இங்கே எழுதுவது அப்படி என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதை. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் சொல்லப்போவதில்லை.

எல்லாரும் என்னிடம் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்துக்கு வருவார்கள், குடிமைத் தேர்வுக் கேள்விகளை மனப்பாடம் செய்ய வருவார்கள். நேர்காணலில் தேறியதும் இனிப்புப் பெட்டியோடு ஒரு முறை வருவார்கள். அதன் பிறகு வருவதில்லை. ஆனால் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த இனிப்புப் பெட்டிக்குப் பிறகு வந்தவைதான். இவர் விஷயத்தில் அவை ஒன்றுவிடாமல் வந்தன.

யார், எந்த நிலையில்

2009-இல் கணவரின் வேலை விசாவோடு இணைந்து வந்தவர். கையில் 2 வயது மகள். 2018-இல் மூவருக்கும் கிரீன் கார்டு கிடைத்தது. கணவருக்கு வெளிநாட்டு வேலைப் பயணங்கள் அதிகம். கடைசி 5 ஆண்டில் 30 மாதமாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கு இடித்தது. அதனால் மனைவி முதலில் விண்ணப்பிப்பது என்று முடிவானது. 2024 ஏப்ரலில் இணையவழி விண்ணப்பம், கட்டணம் 710 டாலர்.

இரண்டு விஷயங்களை முதல் நாளே ஒரு தாளில் எழுதி அவர் கோப்பின் முகப்பில் ஒட்டினேன்.

ஒன்று, மகளுக்கு 2025 மே மாதம் 18 வயது நிறைகிறது. 2000-ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டப்படி, கிரீன் கார்டோடு பெற்றோர் பொறுப்பில் இங்கே வாழும் பிள்ளைக்கு, 18 முடியுமுன் தாயோ தந்தையோ குடிமக்களானால் குடியுரிமை தானாக வந்துவிடும். தனி விண்ணப்பம் வேண்டாம், தேர்வு வேண்டாம், உறுதிமொழிகூட வேண்டாம். 18-ஆம் பிறந்த நாள் கடந்துவிட்டால் அந்தப் பிள்ளை தனக்கென்று ஒரு என்-400 போட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

இரண்டாவது, பெயர். இவருடைய இந்திய பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். குடும்பப்பெயர் என்ற கட்டம் காலி. நம்மில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். இனிஷியலை விரித்து எழுதாமல் விட்டிருப்போம். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்றெழுத்து விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம், வங்கி, காப்பீடு, மகளின் பள்ளிப் பதிவு என்று அந்த மூன்றெழுத்து கூடவே வந்தது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் அதையே ஒரு பெயராக வாசித்துக் கூப்பிடுவார்களாம். "பதினஞ்சு வருஷமா அது என் பேருன்னு எழுந்து போறேன்க்கா" என்றார். அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. என்-400 விண்ணப்பத்திலேயே அதைக் கேட்கலாம். கேட்டோம்.

அந்த ஆசைக்கு ஒரு விலை உண்டு. பெயர் மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். குடிவரவுத் துறையே தன் அலுவலகத்தில் நடத்தும் உறுதிமொழி நிகழ்ச்சியில் பெயர் மாற்ற முடியாது; கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி முன் நடக்கும் நிகழ்ச்சிக்குத்தான் போக வேண்டும். துறை நடத்தும் நிகழ்ச்சி சில இடங்களில் நேர்காணல் நாளிலேயே முடிந்துவிடும். நீதிமன்றத் தேதி அதன் போக்கில்தான் வரும். மகளின் பிறந்த நாளைக் காட்டி, பெயரை விட்டுவிடலாமா என்று நானே ஒரு முறை கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறதே என்றார். இன்றைக்கும் அந்த முடிவு தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவகாசம் எப்படிக் கரைந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

தேறிய பிறகு

2024 செப்டம்பர் நடுவில் நேர்காணல். 10 கேள்விகளில் முதல் ஆறுக்கே சரியான பதில் சொன்னதால் அத்தோடு நிறுத்திவிட்டார்கள். (2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இது மாறிவிட்டது. 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும்.) பெயர் மாற்ற மனுவில் அங்கேயே கையெழுத்து வாங்கினார்கள். என்-652 என்ற முடிவுத் தாளைக் கொடுத்து வாழ்த்தி அனுப்பினார்கள்.

அந்தத் தாள் தேர்வில் தேறியதையும், விண்ணப்பத்தை ஏற்கலாம் என்ற பரிந்துரையையும் மட்டுமே சொல்கிறது. உறுதிமொழி எடுக்கும் நொடிவரை அவர் கிரீன் கார்டுக்காரர்தான், இந்தியக் குடிமகள்தான். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே செப்டம்பர் கடைசியில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனார். படிவத்தில் இரண்டு கேள்விகள்: நீங்கள் அமெரிக்கக் குடிமகனா? ஆம் எனில் வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா? நவம்பர் 5 அன்று அதிபர் தேர்தல். டெக்சஸில் பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 7. வீட்டில் எல்லாரும் "பாஸாயிட்டியே" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

அழைத்ததற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். குடிமகள் ஆகுமுன் குடிமகள் என்று எழுதி வாக்காளர் பட்டியலில் சேர்வது, இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய பிழைகளிலேயே மிகக் கொடியது. குடியுரிமையை மறுக்கவும் நாட்டைவிட்டு வெளியேற்றவும் அது காரணமாகலாம். தெரியாமல் செய்தேன் என்பதை எடுபட வைப்பது கடினம். அந்தத் தேர்தலில் அவர் வாக்களிக்கவில்லை.

தவறிய முதல் தேதி

அக்டோபர் கடைசியில் என்-445 வந்தது. உறுதிமொழி நிகழ்ச்சிக்கான அழைப்பு அது. நவம்பர் நான்காம் வாரம் தேதி. அதற்கு ஒரு வாரம் முன்பு ஊரில் அவர் அப்பாவுக்குப் பக்கவாதம். மறுநாளே விமானம் ஏறிவிட்டார். இந்திய பாஸ்போர்ட், கிரீன் கார்டு இரண்டும் செல்லுபடி நிலையில் இருந்ததால் போய் வருவதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. நேர்காணலுக்கும் உறுதிமொழிக்கும் நடுவே பயணம் செய்யக் கூடாது என்று ஒரு தவறான பேச்சு நம்மவர்களிடையே உலவுகிறது. செய்யலாம், தேதிக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். இவரால் திரும்ப முடியாது என்பது போகும்போதே தெரியும்.

விமான நிலையத்திலிருந்து பேசியவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "அந்த அழைப்புத் தாள் எங்கம்மா இருக்கு?" கணவர் தேடி எடுத்தார். காரணத்தை விளக்கி அவர் விமானம் ஏறுமுன் கையெழுத்திட்டுப் படமெடுத்து அனுப்பிய கடிதம், மருத்துவமனைச் சான்று, அந்த என்-445 தாள் மூன்றையும் சேர்த்து, வேறு தேதி கேட்டு அலுவலகத்துக்கு அனுப்பினோம். சொல்லாமல் விட்டு ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிக்குப் போகாமலிருந்தால், குடியுரிமை பெறும் எண்ணத்தையே கைவிட்டதாக விதி எடுத்துக்கொள்ளும். முதல் முறை தவறியபோதே தாளில் பதிவு இருக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். மனசு முழுக்க மகளின் பிறந்த நாள்தான். மே மாதத்துக்கு இன்னும் 6 மாதம்கூட இல்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் திரும்பினார். அப்பா பேச்சுத் தெளிந்து வீட்டுக்கு வந்திருந்தார். அடுத்த வாரமே, வேலைக்குப் போகும் வழியில் வேகமாக ஓட்டியதற்கு ஒரு டிக்கெட். அபராதத்தைக் கட்டினார், மறந்துவிட்டார்.

தாளின் பின்பக்கம்

புதிய தேதி ஜனவரி கடைசி வாரம் என்று வந்தது. என்-445 தாளின் பின்பக்கத்தில் சில கேள்விகள் இருக்கும். முதல் நேர்காணலுக்குப் பிறகு திருமணம், மணவிலக்கு ஏதேனும் உண்டா? நாட்டைவிட்டு வெளியே போனீர்களா? குற்றம் ஏதேனும் செய்தீர்களா, கைதானீர்களா, அபராதம் விதிக்கப்பட்டதா? எந்த அமைப்பிலாவது சேர்ந்தீர்களா? நிகழ்ச்சி நாளன்று பதில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பலர் முதல் நாள் இரவே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு இழுத்து வைத்துவிடுவார்கள்.

முந்தின நாள் மாலை அவர் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். பயணம்: ஆம். அபராதம் பற்றிய கேள்விக்கு, "இல்லைதானே?" என்றார். அந்தக் கேள்வியிலேயே சாலை விதிமீறல்களும் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. டிக்கெட் நினைவுக்கு வந்தது. முகம் வெளுத்துவிட்டது. "இதை எழுதினா கேன்சல் பண்ணிடுவாங்களாக்கா?"

வேகமாக ஓட்டியதற்கான ஒரு டிக்கெட்டால் குடியுரிமை நின்றுபோனதாக என் அனுபவத்தில் இல்லை. மறைத்ததால் பின்னால் கேள்வி எழும் ஆபத்துதான் பெரிது. பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைத் திரும்பப் பறிக்கவே சட்டத்தில் இடம் உண்டு. 'ஆம்' என்று எழுதச் சொன்னேன். அபராத ரசீதையும் விமானப் பயண விவரத்தையும் இணைத்தோம். மறுநாள் வரிசையில் அதிகாரி இரண்டையும் பார்த்தார், எந்தத் தேதிகள் என்று கேட்டார், தாளில் குறித்துக்கொண்டார், அனுப்பிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்றார்.

அந்த மேசையில்தான் கிரீன் கார்டையும் வாங்கிக்கொள்வார்கள். திரும்பத் தர மாட்டார்கள். இதைக் கவனியுங்கள், கதை இனி இதன் மேல்தான் ஓடுகிறது.

நீதிபதி வந்தார். எழுந்து நின்று வலது கையை உயர்த்தி, வேறெந்த நாட்டுக்கும் அரசுக்கும் தந்திருந்த பற்றுறுதியை முற்றாகத் துறப்பதாக எல்லாரோடும் சேர்ந்து சொன்னார். பெயர் மாற்ற மனுவில் நீதிமன்ற முத்திரை விழுந்தது. குடியுரிமைச் சான்றிதழைக் கையில் வாங்கியதும், நான் சொல்லியிருந்தபடி நாற்காலியில் உட்கார்ந்தே எழுத்தெழுத்தாகப் படித்தாராம்: பெயர், பிறந்த தேதி, உயரம், முந்தைய நாடு. பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் என்றால் என்-565 விண்ணப்பம், மாதக்கணக்கில் காத்திருப்பு. பிழை இல்லை. முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதன் பக்கத்தில் அப்பாவின் பெயர்.

அந்த நொடியில் பள்ளியில் கணிதத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த மகளும் குடிமகள் ஆனாள். 18-க்கு இன்னும் 4 மாதம் இருந்தது.

எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இல்லாத 3 வாரம்

நாங்கள் போட்டிருந்த திட்டம் இது. உறுதிமொழி முடிந்து 10 நாள் கழித்துச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் குடியுரிமையையும் பெயரையும் பதிவது. பிறகு ஓட்டுநர் உரிமத்தில் பெயர் மாற்றம். அதன் பிறகு டிஎஸ்-11 படிவத்தோடு தாயும் மகளும் சேர்ந்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம். ஆளுக்கு 130 டாலரும் விண்ணப்பத்தை நேரில் பெற்றுக்கொள்வதற்கு 35 டாலரும். சேர்ந்து போவதற்குக் காரணம், இருவருக்குமே அசல் குடியுரிமைச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். அதைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் திரும்பி வரும்வரை கையில் ஒன்றுமில்லை. மகளின் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் பழைய ஒற்றைப் பெயர், குடியுரிமைச் சான்றிதழில் புதுப் பெயர்; அதனால் நீதிமன்ற முத்திரையிட்ட மனுவின் நகல்களையும் கேட்டு வாங்கி வைத்தோம்.

பிப்ரவரி நடுவில், உரிமம் இன்னும் கைக்கு வராத நிலையில், ஊரிலிருந்து தம்பி அழைத்தார். அப்பாவுக்கு இரண்டாவது பக்கவாதம், தீவிர சிகிச்சைப் பிரிவில்.

இரவு 11 மணிக்கு என்னை அழைத்தார். விமான டிக்கெட் பார்த்துவிட்டார். "இந்தியன் பாஸ்போர்ட் 2029 வரைக்கும் இருக்குக்கா. அதுல போயிட்டு வந்துடுறேன்." குரலில் இருந்த அவசரம் எனக்குப் புரிந்தது. என் அப்பாவுக்கு ஒன்று என்றாலும் நான் அதைத்தான் யோசித்திருப்பேன்.

ஆனால் அந்தப் புத்தகம் அவருடையதாக இல்லாமல் போய் 3 வாரம் ஆகியிருந்தது. 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நொடியில் இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடுகிறது. யாரும் வந்து புத்தகத்தில் முத்திரை குத்த வேண்டியதில்லை. அட்டையில் எந்த வருடம் அச்சிட்டிருந்தாலும், அதைக் காட்டிப் பயணம் செய்வது குற்றம். ஒப்படைக்கப் போகும்போது அபராதமும் வரும். இன்னொரு பக்கம், எப்படியோ போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வர வழியில்லை. கிரீன் கார்டு நீதிமன்ற மேசையில் போய்விட்டது. அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் நாட்டுக்குள் வர வேண்டும்.

இதை அவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் எந்த ஊர்க்காரிக்கா இப்போ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருந்தது. அந்த இரவில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழி இருந்தது. வெளிநாட்டில் நெருங்கிய உறவினர் இறந்தாலோ உயிருக்குப் போராடினாலோ, 2 வாரத்துக்குள் பயணம் என்றால், வெளியுறவுத் துறையின் பாஸ்போர்ட் மையத்தில் நேரடிச் சந்திப்புக் கேட்கலாம். உயிரா மரணமா என்ற நிலைக்கான ஏற்பாடு என்றே அதற்குப் பெயர். காலையில் தொலைபேசியில் பிடித்தோம். கேட்டவை: மருத்துவமனையிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம், பயணச்சீட்டு விவரம், டிஎஸ்-11, புகைப்படம், குடியுரிமைச் சான்றிதழின் அசலும் நகலும், அடையாள அட்டை. அடையாள அட்டையில் இன்னும் அந்தப் பழைய மூன்றெழுத்து. முத்திரையிட்ட பெயர் மாற்ற நகல் அங்கே கைகொடுத்தது. திட்டப்படி பாஸ்போர்ட் விண்ணப்பத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்த அசல் சான்றிதழுக்கு எங்கே போய்த் தேடியிருப்போம் என்று இன்னும் சில இரவுகளில் யோசிக்கிறேன்.

வழக்கமான கட்டணத்தோடு விரைவுக்கு 60 டாலர். மறுநாள் பாஸ்போர்ட் கையில். அன்றே இந்திய இ-விசா விண்ணப்பம். அதில் குடியுரிமை பிறப்பால் வந்ததா, பிறகு பெற்றதா என்று ஒரு கேள்வி, முந்தைய நாட்டுக்கு ஒரு கட்டம். பிறந்த ஊரைப் பார்க்க விசா கேட்டு, முந்தைய நாடு இந்தியா என்று தன் கையால் தட்டச்சு செய்யும்போது அழுதுவிட்டார். விசா வந்த இரவே கிளம்பினார். சென்னையில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றதாக எழுதி அனுப்பினார்.

அப்பாவோடு 6 நாள் இருந்தார். இரண்டாம் நாள் நினைவு தெளிந்திருந்தபோது புது பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினாராம். அவருக்குப் பேச்சு வரவில்லை. தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார் என்று தம்பி சொன்னார்.

எஞ்சிய தாள்கள்

ஏப்ரலில் மகளின் பாஸ்போர்ட் வந்தது. பிறகு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் விண்ணப்பம், இந்தியத் தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனம் வழியாக. பழைய புத்தகத்திலும் புதிய புத்தகத்திலும் பெயர் வேறு என்பதால் அதே நீதிமன்ற நகல். ஒப்படைப்புச் சான்று கைக்கு வந்த பிறகுதான் ஓசிஐ அட்டைக்கு (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) விண்ணப்பிக்க முடியும். கட்டணம் 275 டாலர், மறுபடியும் அதே நகல். ஓசிஐ இருந்தால் விசா தேவையில்லை. வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். ஊரில் வாக்காளர் பட்டியலில் இருந்த பெயரை நீக்க 7-ஆம் எண் படிவத்தைத் தம்பி கொடுத்தார். இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. இங்கே வாக்காளராகப் பதிந்துகொண்டு அங்கேயும் பட்டியலில் இருப்பது சரியில்லை என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

கடைசியாக வந்தது தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழ். அப்பா பெயரில் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. விண்ணப்பத்தில் அக்கா பெயரை எப்படி எழுதுவது என்று தம்பி கேட்டார். பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாவற்றிலும் ஒற்றைப் பெயர். பாஸ்போர்ட்டில் மட்டும் இரண்டு. நீதிமன்ற நகலுக்கு அப்போஸ்டில் (வேறு நாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசுச் சான்று) வாங்கி ஊருக்கு அனுப்பினோம். கிராம நிர்வாக அலுவலர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, நம் பத்திரங்களில் வழக்கமாக எழுதுவதுபோல எழுதச் சொன்னாராம்: பழைய பெயர், அடுத்து 'என்கிற', அடுத்து அப்பாவின் பெயரோடு சேர்ந்த புதுப் பெயர்.